முதல் மாரத்தான்: ஒன்றுமே ஓடாதவர் 42 கிலோமீட்டர் போய்ச் சேர பதினைந்து மாத வழி

வாழ்க்கையில் ஒரு பெரிய இலக்கையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், நான் சொல்வது மாரத்தான். படிப்போ சிபாரிசோ வேண்டாம், பெரிய செலவும் இல்லை. தூரம் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஓடிய தூரம் அது. 1921இல் உலகம் முழுக்க அதையே நிலையான அளவாக வைத்துக்கொண்டார்கள். அதில் ஒரு மீட்டரைக்கூட யாராலும் நமக்காக ஓடித்தர முடியாது. பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறெதற்கும் ஓடாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கிவிட்டுப் பாதியில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சோம்பேறித்தனத்தால் நின்றவர்கள் ரொம்பக் கொஞ்சம். முதல் ஆறு வாரத்தில் அளவு தெரியாமல் ஓடி, முட்டி வலி வந்து, ஒரு மாதம் ஓய்வெடுத்து, அப்படியே விட்டவர்கள்தான் அதிகம். ஆர்வம் கூடிப்போனதுதான் அவர்களைக் கவிழ்த்தது.

இதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடும். முதல் நாள் மூச்சு வாங்கிய தூரத்தை ஒரு மாதத்தில் பேசிக்கொண்டே கடந்துவிடலாம். ஆனால் எலும்பும் தசைநாண்களும் வலுப்பெற மாதக்கணக்காகும். மூச்சு 'போகலாம்' என்று சொல்லும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது. எனவே கீழே சொல்லப்போகிற படிகளில் பாதிக்கு மேல், உங்களைப் பிடித்து இழுத்து நிறுத்துகிற படிகள். ஆர்வத்தைச் செலவழிக்காமல் வைத்திருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

முதலில் டாக்டர், அப்புறம் தேதி

நாற்பது வயது தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது இரத்த அழுத்தம் இருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அந்தக் குடும்பத்தினர், புகை பிடிப்பவர்கள் எல்லோரும் ஓடத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். "மாரத்தான் ஓடப் போகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். என்னென்ன பரிசோதனை தேவை என்பதை அவர் முடிவு செய்வார். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஓடும் நாட்களில் அளவை எப்படி மாற்றுவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்திலும், மும்பை மாரத்தான் ஜனவரியின் மூன்றாவது ஞாயிறிலும் நடக்கின்றன. ஆரோவில்லில் பிப்ரவரியில் செம்மண் பாதையில் ஓடலாம். நான் சென்னை ஜனவரியை வைத்துக் கணக்குச் சொல்கிறேன். வேறு ஊர் என்றால் மாதங்களை நகர்த்திக்கொள்ளுங்கள்.

வருகிற ஜனவரியை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த ஜனவரிதான் உங்களுடையது. அக்டோபரில் தொடங்கினால் கையில் பதினைந்து மாதம் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நிற்காமல் அரை மணி நேரம் ஓடப் பழகுவது. ஜனவரி முதல் மார்ச் வரை 10 கிலோமீட்டர். ஏப்ரல் முதல் ஜூன் வரை தூரத்தைக் கூட்டாமல், இருப்பதைக் காப்பாற்றுவது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹாஃப் மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர். கடைசி மூன்று மாதம் முழு மாரத்தானுக்கான பயிற்சி. நான்கு மாதத்தில் முடித்துத் தருகிற திட்டங்களும் கிடைக்கும். அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கானவை. புதியவர் அதைத் தொடவே வேண்டாம்.

முதலில் வரும் அந்த ஜனவரியை வீணாக்க வேண்டாம். பந்தயத்தன்று தண்ணீர் கொடுக்கும் தன்னார்வலராகப் போய் நில்லுங்கள். வேகமாக ஓடி முடிப்பவர்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல், ஐந்தாவது, ஆறாவது மணி நேரத்தில் வருகிறவர்கள் வரை இருங்கள். தொப்பை உள்ளவர்கள், நரை விழுந்தவர்கள், முட்டியில் பட்டை கட்டியவர்கள், நடையும் ஓட்டமுமாக வருகிறவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள்தான். அவர்கள் காகிதக் கோப்பையை வாங்கும்போது கை நடுங்கும், ஆனாலும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நமக்கும் முடியும் என்ற நம்பிக்கை எந்தப் பேச்சையும்விட அங்கே உறுதியாகக் கிடைக்கும்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபவுஜா சிங் தன் முதல் மாரத்தானை 2000ஆம் ஆண்டு ஓடினார். பாஸ்போர்ட்டின்படி அப்போது அவருக்கு 89 வயது.

முதல் பன்னிரண்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் போதும். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் முதலில் ஐந்து நிமிடம் விறுவிறு நடை, முடிவில் ஐந்து நிமிடம் மெதுநடை. நடுவில் அரை மணி நேரம் இப்படி:

முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அடுத்த இரண்டு வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்தாவது, ஆறாவது வாரம் மூன்றுக்கு ஒன்று. ஏழு, எட்டில் ஐந்துக்கு ஒன்று. ஒன்பது, பத்தில் பத்துக்கு ஒன்று. கடைசி இரண்டு வாரத்தில் நிற்காமல் முப்பது நிமிடம். ஏதாவது ஒரு கட்டம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். பதினைந்து மாதத்தில் இரண்டு வாரம் பின்தங்குவதால் எதுவும் கெட்டுப்போகாது.

வேகம் எவ்வளவு? முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். ஒரு குறளை மூச்சுத் திணறாமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். பலருக்கு இது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று வரும். பக்கத்தில் நடப்பவர்கள் முந்திக்கொண்டு போவது போலக்கூடத் தோன்றும். போகட்டும். உலகத்தின் தலைசிறந்த நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் செய்லர், அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் அவர்களுக்குச் சுலபமான வேகத்தில்தான் நடக்கிறது என்று காட்டியிருக்கிறார். அவர்களே அப்படி என்றால் நாம் அவசரப்பட என்ன இருக்கிறது?

எங்கள் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் மூன்றாவது வாரம் கேட்டார்: "அண்ணா, மூச்சே வாங்கல. இன்னும் கொஞ்சம் வேகமா போகட்டுமா?" குழுவின் மூத்தவர் சொன்ன பதில்: "வேண்டாம்ப்பா. அடுத்த வாரமும் வரணும்ல?" இந்த ஒரு கேள்வியை ஷூவின் நாடா கட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டால் போதும். இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். அந்த மிச்ச ஆசைதான் நாளை மறுநாள் காலை எழுப்பிவிடும்.

எங்கே ஓடுவது? சென்னையில் மெரினாவின் உள்சாலை, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை. கோவையில் ரேஸ் கோர்ஸ். மதுரையில் தெப்பக்குளத்தைச் சுற்றி. 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 முதல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் எது என்று விசாரியுங்கள். பள்ளி மைதானத்தைக் காலையில் திறந்துவிடுகிற ஊர் என்றால் இன்னும் நல்லது, மண் தரை காலுக்கு இதம். மணலில் மட்டும் தொடக்கத்தில் ஓட வேண்டாம். கெண்டைக்காலும் குதிகால் நாணும் அதற்கு இன்னும் தயாராகவில்லை.

காலையில் எழுவது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 21 நாளில் எதையும் பழக்கமாக்கிவிடலாம் என்று சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு புதுச் செயல் தன்னிச்சையாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை மாறியது. இன்னொன்றையும் கண்டார்கள்: நடுவில் ஒரு நாள் தவறிப்போனதால் பழக்கம் படிவதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியம். ஒரு நாள் தூங்கிப்போய்விட்டால் 'சரி, அவ்வளவுதான்' என்று முழு வாரத்தையும் கைவிடுகிறவர்கள் உண்டு. தவறியது தவறியதாக இருக்கட்டும், அடுத்த முறை போய்விடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே நாளில் இரண்டு நாள் ஓட்டத்தை மட்டும் ஓடாதீர்கள்.

முடிவுகளை எல்லாம் முந்தின இரவே எடுத்துவிடுங்கள். பனியன், ஷார்ட்ஸ், சாக்ஸ், வீட்டுச் சாவி, ஒரு பாட்டில் தண்ணீர் எல்லாம் ஒரே நாற்காலியில். எந்த வழி, எத்தனை நிமிடம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காலை நாலே முக்காலுக்கு மூளை எந்தக் கேள்விக்கும் 'படுத்துக்கொள்' என்றுதான் பதில் சொல்லும். அதனிடம் கேள்வியே கேட்கக் கூடாது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990களில் ஆராய்ந்து சொன்ன வழி இதற்குக் கைகொடுக்கும். 'தினமும் ஓடுவேன்' என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம். 'அலாரம் அடித்தால் உடனே கால் தரையில்.' 'மழை பெய்தால் மாடிப்படியில் இருபது நிமிடம்.' 'ஆபீஸில் இரவு நேரமாகிவிட்டால் மறுநாள் மாலை ஆறு மணி.' எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் வரவில்லை என்கிற நாட்களுக்கு ஒரு விதி: பத்து நிமிடம் மட்டும். உடை மாற்றி வெளியே போய்ப் பத்து நிமிடம் ஓடிவிட்டு, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் குற்ற உணர்வு இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடலாம். பெரும்பாலும் வர மாட்டீர்கள். காய்ச்சல், நெஞ்சில் சளி, மூன்று மணி நேரத் தூக்கம் என்றால் இந்த விதி செல்லாது. அன்றைக்குத் தூங்குங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, எத்தனை நிமிடம், எங்கே வலித்தது, எப்படி இருந்தது என்று ஒரே வரி. ஓட்டத்தைப் பதிவு செய்து மற்றவர்களோடு பகிரும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளும் நல்லவைதான். ஆனால் அடுத்தவருடைய வேகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் புதியவர்கள் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். முதல் ஆறு மாதம் நோட்டு போதும் என்பது என் கருத்து.

ஷூ, துணி

ஷூவைத் தவிர வேறு எதற்கும் செலவழிக்க வேண்டாம். மாலையில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையிலேயே போட்டு நடந்து பாருங்கள், அப்போது உறுத்தினால் போகப்போகச் சரியாகும் என்று யாராவது சொன்னாலும் வாங்காதீர்கள். விலை கூடினால் காயம் குறையும் என்பதும் கிடையாது. ஒரு ஜோடி ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். நோட்டில் அதையும் எழுதி வையுங்கள். பருத்திச் சாக்ஸும் பருத்திப் பனியனும் வேர்வையை உறிஞ்சிக் கனத்துக் கொப்புளம் போடும். பாலியெஸ்டர் விளையாட்டுத் துணி நல்லது. நீண்ட ஓட்டத்துக்கு முன் தொடை இடுக்கு, அக்குள், விரல்களுக்கு நடுவில் வாசலின் தடவுங்கள். ஆண்கள் மார்க்காம்பிலும்.

பெண்களுக்கும், வீட்டாருக்கும்

ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மாரத்தான் 1984இல்தான் வந்தது. அதுவரை, பெண்ணுடம்பு இவ்வளவு தூரம் தாங்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத் தடை வேறு விதம்: இருட்டு, பின்தொடரும் வண்டி, காலை டிபன். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுங்கள். பெரும்பாலான ஊர்களில் இப்போது ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன; பல குழுக்களில் பணம் கேட்பதில்லை. இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள், காதில் ஹெட்ஃபோன் வேண்டாம். மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்றால், முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் நடக்கலாம், அதற்கென்று தடை ஒன்றும் இல்லை. இரத்தசோகை நம் பெண்களிடம் அதிகம். காரணமில்லாமல் களைப்பாக இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

ஆணோ பெண்ணோ, வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கடைசி மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் போய்விடும், அன்று மதியம் தூக்கமும் வரும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, சந்தைக்கு யார் போவது, அதற்கு ஈடாகச் சனிக்கிழமை யார் என்ன செய்வது என்று தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முனகல் இருந்தால் எவ்வளவு மன உறுதி இருந்தாலும் நவம்பரைத் தாண்டுவது கஷ்டம்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, திரும்பிப் பார்த்து, மெல்ல நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கோடையைக் கடப்பது

ஏப்ரல், மே, ஜூனில் தூரத்தைக் கூட்ட வேண்டாம் என்று மேலே சொன்னேன். சென்னையில் அந்த மாதங்களில் விடிகாலைகூடப் புழுக்கமாகத்தான் இருக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வேர்வை உலராது, உடம்பு குளிராது, மார்ச்சில் சுலபமாக இருந்த வேகத்துக்கே இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். இது தெரியாதவர்கள் 'பயிற்சி செய்தும் பின்னுக்குப் போகிறேனே' என்று மனம் விட்டுவிடுகிறார்கள். பின்னுக்குப் போகவில்லை, வெயில்தான் காரணம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 5 முதல் 8 கிலோமீட்டர், ஆறரை மணிக்குள் வீடு. கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்க வேண்டாம்.

மிச்ச நேரத்தைக் கால்களை வலுவாக்கப் பயன்படுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், இருபது நிமிடம், வீட்டிலேயே. தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் நிற்பது, படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக வைத்திருப்பது). பின்னால் வரப்போகிற வலிகளில் பலவற்றை இது தடுக்கும்.

நீண்ட ஓட்டம்

ஜூலையில் தூரம் கூடத் தொடங்கும். வாரத்துக்கு நான்கு நாள்: செவ்வாய், வியாழன் 6 முதல் 10 கிலோமீட்டர், சனி 5, ஞாயிறு நீண்ட ஓட்டம். ஓட்டக்காரர்கள் 'லாங் ரன்' என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு தூரம் ஒரு வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். செப்டம்பர் முடிவில் 21 வந்துவிடும். ஏதாவது ஒரு ஹாஃப் மாரத்தானில் பெயர் கொடுத்து ஓடிப் பாருங்கள், பந்தயக் காலையின் பரபரப்பு பழகும்.

கடைசிக் கட்டத்தின் ஞாயிறுகள் தோராயமாக இப்படி: 21, 23, 25, 18, 25, 27, 20, 29, 21, 32. அதற்குப் பிறகு 19, 12, அப்புறம் பந்தயம். பயிற்சியில் 42 ஓடத் தேவையில்லை. 32க்கு மேல் போனால் உடம்பு தேற எடுக்கும் நாட்கள்தான் கூடும். கடைசி மூன்று வாரம் குறைப்பதை 'டேப்பர்' என்பார்கள். அந்த நாட்களில் இல்லாத வலியெல்லாம் இருப்பது போலத் தோன்றும், இன்னும் ஒரு முறை நீளமாக ஓடிப் பார்க்கலாமா என்று கை அரிக்கும். ஓடாதீர்கள். கடைசி மூன்று வாரத்தில் சேர்க்கும் தூரம் பந்தயத்துக்கு உதவாது, களைப்பு மட்டும் கூட வரும்.

சாப்பாட்டுக் கணக்கு இதோ. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ உள்ளவருக்கு 42 கிலோமீட்டருக்கு 2,700 கலோரிக்கு மேல் வேண்டும். தசையிலும் ஈரலிலும் சர்க்கரையாகச் சேமித்து வைக்க முடிவது ஏறத்தாழ 2,000 கலோரிதான். மிச்சத்துக்குக் கொழுப்பு எரியும், ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். 30 கிலோமீட்டர் தாண்டியதும் கால் இரும்பாகக் கனப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அதனால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் வரை இருக்கும். பேரீச்சம்பழம், வெல்லத் துண்டு, ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் சர்க்கரைக் கூழான ஜெல் எதுவானாலும் சரி. லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகியதைத்தான் பந்தயத்திலும் சாப்பிட வேண்டும். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், ஓடும்போது வயிற்றில் நின்றுவிடும், ஓடி முடித்த பிறகு சாப்பிடலாம். முந்தின இரவு சாதம், ரசம், உருளைக்கிழங்கு. கிளம்பும் முன் இரண்டு இட்லி அல்லது ராகிக் கஞ்சி. பிரியாணியும் பரோட்டாவும் பந்தயம் முடிந்த பிறகு.

தண்ணீரைப் பற்றிப் பயம் இரண்டு பக்கமும் வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்புவரை போகும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெறும் தண்ணீர் போதாது. மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுபோங்கள்.

வலி வந்தால்

இரண்டு காலிலும் பொதுவாக இருக்கும் தசை வலி, இரண்டு நாளில் போய்விடும், பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில், ஒரு காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி வேறு. காலை எழுந்ததும் குதிகாலில் முதல் அடி வைக்கும்போது வருவது, கணைக்கால் எலும்பின் உட்புறம் வருவது, மாடிப்படி இறங்கும்போது முட்டிச்சில்லைச் சுற்றி வருவது ஆகிய மூன்றும் புதியவர்களுக்கு அடிக்கடி வரும். ஓட ஓட வலி கூடுகிறதா, ஓடும் விதம் மாறி நொண்டுகிறீர்களா? அன்றே நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. வேர்வை போன உடம்பில் இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நெஞ்சு அழுத்தம், இடது கைக்குப் பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று 108க்கு அழைக்க வேண்டும். கூட ஓடுகிறவர் தடுமாறி நடந்து, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

நவம்பர்

பதினைந்து மாதத்தில் மனம் அதிகமாகத் தளர்வது இந்த மாதத்தில்தான். தூரம் ஏறிக்கொண்டே இருக்கும், வடகிழக்குப் பருவமழை கொட்டும், தீபாவளி பட்சணமும் விடுமுறையும் சேர்ந்து வரும். ஆரம்பத்தில் பாராட்டியவர்கள் 'இன்னுமா ஓடுகிறாய்' என்று கேட்கத் தொடங்குவார்கள். இந்த மாதம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதே பாதி மருந்து.

நவம்பரில் தனியாக லாங் ரன் போகாதீர்கள், துணை தேடுங்கள். உங்களுக்காக ஒருவர் முனையில் நனைந்துகொண்டு நிற்கிறார் என்றால் போர்வையை விலக்காமல் இருக்க முடியாது. மழையில் ஓடலாம்; இடி மின்னலில் கூடாது. தேங்கிய தண்ணீருக்குள் இறங்காதீர்கள், அடியில் திறந்த சாக்கடை மூடியோ அறுந்த மின்கம்பியோ இருக்கலாம். ஒரு ஞாயிறு வெள்ளத்தில் போய்விட்டால் போகட்டும், அடுத்த வாரம் திட்டத்தில் அந்த வாரத்துக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஓடுங்கள். மிகவும் தளர்ந்து போனால் பழைய நோட்டைத் திறந்து, ஒரு நிமிடம் ஓடி மூச்சு வாங்கிய அந்த அக்டோபர் பக்கங்களைப் படியுங்கள்.

பந்தய நாள்

புதிதாக எதையும் அன்றைக்குப் போடாதீர்கள், சாப்பிடாதீர்கள். எண் அட்டையை முந்தின நாளே சட்டையில் குத்திவிடுங்கள், நேரத்தைப் பதியும் சிப் பெரும்பாலும் அதன் பின்னாலேயே ஒட்டியிருக்கும். நேர வரம்பு என்ன என்று அமைப்பாளர் அறிவிப்பில் முன்பே பார்த்திருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று ஓடினால் 5 மணி 38 நிமிடம் ஆகும். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 10 கிலோமீட்டர் கூட்டமும் இசையும் சேர்ந்து உங்களைத் தள்ளும். மூன்று வார ஓய்வுக்குப் பிறகு கால் இறகு போல இருக்கும். பயிற்சி வேகத்தைவிட கிலோமீட்டருக்குப் பத்து, பதினைந்து விநாடி மெதுவாகவே போங்கள். மற்றவர்கள் முந்தட்டும், அவர்களில் பலரை 35ஆவது கிலோமீட்டரில் பார்ப்பீர்கள். தண்ணீர்ப் பந்தல் வரும்போதெல்லாம் நடந்துகொண்டே குடியுங்கள். ஓடிக்கொண்டு குடித்தால் பாதி சட்டையில்தான் போகும்.

30க்குப் பிறகு மிச்சம் பன்னிரண்டு என்று நினைக்காதீர்கள். அடுத்த பந்தல் வரை, அடுத்த விளக்குக் கம்பம் வரை என்று துண்டு போடுங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்றும் போகலாம். முதல் பன்னிரண்டு வாரத்தில் செய்தது இப்போது கைகொடுக்கும். நடந்து முடித்தாலும் அது மாரத்தான்தான், பதக்கம் ஒன்றுதான்.

கோட்டைக் கடந்ததும் உடனே உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள், உப்பும் சர்க்கரையும் கலந்த ஏதாவது குடியுங்கள், ஈரச் சட்டையை மாற்றுங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடி தேவைப்படும், அது இயல்பு. சிறுநீர் பழுப்பாக, காபி டிகாஷன் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வாரம் ஓட வேண்டாம், நடை போதும். இரண்டாவது வாரத்தில் இருபது நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். பலருக்கு அந்த நாட்களில் ஒரு வெறுமை வரும், பதினைந்து மாதம் காலையில் எழக் காரணமாக இருந்த ஒன்று இப்போது இல்லையே என்று. அதை நிரப்ப உடனே அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டிவிடாமல் ஒரு மாதம் பொறுத்திருங்கள். குழுவின் ஞாயிறு ஓட்டத்துக்கு மட்டும் போய்வாருங்கள், அன்றைக்குப் புதிதாக வருகிறவர்களோடு மெதுவாக ஓடுங்கள்.